படம் காட்டி வளர்ந்த பனிப்பலகை

குளிர்கால ஒலிம்பிக்கில் இன்று தங்கப்பதக்கம் தரும் விளையாட்டு அது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, அந்தப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வாலிபர்களை மலை அடிவாரத்திலேயே மறித்து, இங்கே உங்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குப் பெயர் 'ஸ்னோபோர்டு'. தமிழில் பனிப்பலகை என்று சொல்லலாம்.

பனிமலையில் சறுக்குவது மேல்நாட்டாருக்குப் புதிதல்ல. காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட கட்டைகளை மாட்டிக்கொண்டு, இரு கைகளிலும் கோல் ஊன்றிச் சறுக்குவார்கள். அது 'ஸ்கீ'. பழைய விளையாட்டு, பணம் படைத்தவர்கள் விளையாட்டும் கூட. பனிப்பலகை அப்படியல்ல. ஒரே ஒரு பலகை. அதன்மேல் பக்கவாட்டில் நின்று, கோல் எதுவும் இல்லாமல், உடம்பைச் சாய்த்தே திருப்ப வேண்டும். கடல் அலைமீது பலகையில் நின்று வருகிறார்களே, அதே வித்தைதான். தண்ணீருக்குப் பதில் பனி!

வாசலில் நிறுத்தப்பட்ட இந்த விளையாட்டு பிழைத்தது எப்படி? மலை உரிமையாளர்களின் தயவால் அல்ல. கால்நடையாக மலை ஏறிய சில பிடிவாதக்காரர்களாலும், அவர்களைப் படம் பிடித்த காமிராக்களாலும்தான்.

அப்பா செய்த விளையாட்டுச் சாமான்

1965-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மஸ்கீகன் நகரம். அங்கே ஷெர்மன் பாப்பன் என்ற எஞ்சினீயர் வசித்துவந்தார். அவருடைய மனைவி நான்சி அப்போது கர்ப்பிணி. வீட்டுக்குள் இரண்டு பெண் குழந்தைகளும் போட்ட ஆட்டம் தாங்கமுடியவில்லை. பிள்ளைகளை எங்கேயாவது வெளியே கூட்டிப் போங்கள் என்றார் நான்சி.

வீட்டுக்குப் பின்னால் பனி மூடிய மணல்மேடு. பாப்பன் இரண்டு ஸ்கீ கட்டைகளை எடுத்தார். அருகருகே வைத்துக் குறுக்குச் சட்டம் அடித்து ஒரே பலகை ஆக்கினார். குழந்தைகள் அதன்மேல் நின்றபடியே மேட்டிலிருந்து சறுக்கி இறங்கினார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

'ஸ்னோ' என்றால் பனி. 'சர்ஃப்' என்றால் அலைச்சவாரி. இரண்டையும் சேர்த்து 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தவர் நான்சிதான். பிரன்ஸ்விக் என்ற கம்பெனி உரிமை வாங்கி, 1966 முதல் அதைத் தயாரித்து விற்றது. லட்சக்கணக்கில் விற்பனை ஆயிற்று. காலைப் பிணைக்க அதில் வார் கிடையாது. பலகையின் முனையில் ஒரு கயிறு மட்டும் இருக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல அதைப் பிடித்துக்கொண்டுதான் சவாரி!

38 போய் 40 வந்த கதை

பதினான்கு வயதில் ஒரு ஸ்னர்ஃபரைப் பரிசாகப் பெற்ற சிறுவன் ஒருவன், அதைக் கடைசிவரை மறக்கவில்லை. அவர்தான் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர். 1977-ல் வெர்மான்ட் மாநிலத்தில் லண்டன்டெரி என்ற சிற்றூரில் பலகை செய்யும் தொழில் தொடங்கினார். சுமார் நூறு மாதிரிகளைச் செய்து பார்த்த பிறகே சரியான பலகை கைக்கு வந்தது. இரவில் மதுக்கடையில் பரிமாறும் வேலை, கோடையில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் தொழில் நடந்தது. முதல் பருவத்தில் விற்றது 300 பலகைகள்தான்.

காரில் 38 பலகைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போனாராம். திரும்பி வரும்போது காரில் 40 பலகைகள்! முன்பு வாங்கிய ஒரு கடைக்காரர் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னாளில் இதை அவரே சொல்லிச் சிரித்ததுண்டு.

1979-ல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குப் போனார் பர்ட்டன். அவர் பலகையில் காலைப் பிணைக்கும் வார் இருந்தது. அது விதிக்கு விரோதம் என்று ஆட்சேபம் கிளம்பியது. கடைசியில் அவருக்காகவே தனிப் பிரிவு ஒன்று உண்டாக்கினார்கள். அந்தப் பிரிவில் போட்டியிட்டவர் அவர் ஒருவரே. முதல் பரிசும் அவருக்கே!

இன்னொரு முன்னோடி டாம் சிம்ஸ். நியூ ஜெர்சியில் பள்ளி மாணவனாக இருந்தபோதே, 1963-ல், தச்சு வகுப்பில் பனிமேல் ஓடும் பலகை ஒன்றைச் செய்தவர். பிறகு கலிபோர்னியாவுக்குப் போய், ஸ்கேட்போர்டும் பனிப்பலகையும் செய்து விற்றார். ஒரு கரையில் பர்ட்டன், மறு கரையில் சிம்ஸ். இருவருக்கும் இடையே போட்டி கடுமையாக இருந்தது.

ஏறினால்தான் இறங்கலாம்

பழனி மலைக்கு ரோப் கார் இருப்பதுபோல, அங்கே சறுக்கு மைதானங்களில் கம்பியில் தொங்கும் நாற்காலிகள் உண்டு. உட்கார்ந்தால் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும். பனிப்பலகைக்காரர்களுக்கு அந்த நாற்காலி கிடையாது. இன்ஷூரன்ஸ் இடம் கொடுக்காது, பனியைச் சுரண்டிக் கெடுக்கிறார்கள், மற்றவர்கள்மேல் வந்து மோதுகிறார்கள் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. 1985-ல்கூட, அமெரிக்க மைதானங்களில் நூற்றுக்கு ஏழுதான் பனிப்பலகையை அனுமதித்தன.

ஆகவே அவர்கள் நடந்தார்கள். முழங்கால் புதையும் பனியில் பலகையைச் சுமந்துகொண்டு நெடுநேரம் ஏற்றம்; இறங்குவது சில நிமிடம். மறுபடியும் ஏற்றம். தொடக்ககாலப் பலகைகளுக்கு ஓரத்தில் எஃகு விளிம்பு கிடையாது. கெட்டிப் பனியில் பிடிப்பு இருக்காது. ஆழமான மெத்தைப் பனியில்தான் ஓடும். எஃகு விளிம்பும், குதிகாலுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் தாங்கியும் 1980-களில்தான் பரவலாயின. அதன்பிறகே கெட்டிப் பனியிலும் பலகை சொன்ன பேச்சைக் கேட்டது.

கலிபோர்னியாவில் டாஹோ சிட்டி என்ற ஊரில், குப்பைக் கிடங்கை ஒட்டி இயற்கையாகவே அமைந்த ஒரு பள்ளம் இருந்தது. 1979 வாக்கில் சில வாலிபர்கள் அதன் இரு சரிவுகளிலும் மாறி மாறி ஏறித் தாவிப் பழகினார்கள். டெர்ரி கிட்வெல் என்பவர் அங்கேதான் பேர் எடுத்தார். இன்று ஒலிம்பிக்கில் உலகமே பார்க்கும் 'ஹாஃப்பைப்' போட்டியின் பிறந்த வீடு அந்தக் குப்பைமேடுதான்!

1982-ல் வெர்மான்டில் 'சூசைட் சிக்ஸ்' என்ற மலையில் தேசியப் போட்டி நடந்தது. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் வந்த டாம் சிம்ஸ் வைக்கோல் கட்டுகளில் மோதிக் கட்டைவிரலை உடைத்துக்கொண்டார். தற்கொலை என்ற சொல் வேண்டாம் என்று 2022-ல் அந்த மலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். 1983-ல் வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் மலை பனிப்பலகைக்குக் கதவு திறந்தது. சில மைதானங்களில், ஓட்டிக் காட்டித் தேர்வு பெற்றால்தான் நாற்காலியில் இடம்.

ஜேம்ஸ்பாண்ட் செய்த உபகாரம்

அந்த நாட்களில் இதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. பார்க்க வைத்தது சினிமா.

1983-ல் பிரான்சில் 'அப்போகாலிப்ஸ் ஸ்னோ' என்ற சிறு படம் வந்தது. லெசார்க் மலையில் எடுத்தது. இயக்கியவர் திதியே லஃபோன். கதை ரொம்பச் சின்னது. கதாநாயகன் ரெஜி ரோலான் ஒற்றைப் பலகையில் தப்பி ஓடுகிறான்; வில்லன் கூட்டம் வேறுவகைச் சறுக்குக் கட்டைகளில் துரத்துகிறது. அவ்வளவுதான். ஆனால் ஐரோப்பாவில் பல வாலிபர்கள் பனிப்பலகையை முதன்முதலில் கண்டது இந்தப் படத்தில்தான். இதற்குத் தொடர்ச்சியாக மேலும் இரண்டு படங்கள் எடுக்கும் அளவுக்கு வரவேற்பு இருந்தது.

1983-ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படம் 'ஆக்டோபஸி'யை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உதய்ப்பூரில் எடுக்கப்பட்டு, நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் நடித்த படம் அது. அதற்கு அடுத்து 1985-ல் வந்தது 'எ வியூ டு எ கில்'. தொடக்கக் காட்சியில் சைபீரியப் பனியில் எதிரிகள் துரத்துகிறார்கள். பாண்டின் பனி வண்டி நொறுங்குகிறது. அதன் முன்பக்கச் சறுக்குக் கட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டு அலைச்சவாரி செய்வதுபோல் பாண்ட் தப்புகிறார். திரையில் தெரிந்தது ரோஜர் மூர். அவருக்கு அப்போது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்காக மலையில் சறுக்கியவர் வேறு யாருமல்ல, டாம் சிம்ஸ்தான்! மைதானத்தில் இடம் கிடைக்காத பலகை, உலகத் தியேட்டர்களில் எல்லாம் ஓடிற்று.

கேசட் காலம்

ஸ்கீ விளையாட்டுக்குப் படம் காட்டும் வழக்கம் முன்பே உண்டு. வாரன் மில்லர் என்பவர் 1950 முதல் ஆண்டுக்கு ஒரு படம் எடுத்து, ஊர் ஊராக மண்டபங்களில் திரையிட்டு, கூடவே நின்று விளக்கம் சொல்லிவந்தார். பனிக்காலம் பிறக்குமுன் அந்தப் படத்தைப் பார்ப்பது மலையோர ஊர்களில் ஒரு திருவிழாபோல ஆயிற்று.

பனிப்பலகைக்காரர்கள் அதே வழியில் இறங்கினார்கள். கனமான 16 மில்லிமீட்டர் காமிராவைத் தோளில் சுமந்து மலை ஏறினார்கள். தொடாத பனியில் ஒரு தடவைதான் கோடு விழும். தவறினால் அந்தச் சரிவில் மறுமுறை எடுக்க முடியாது. சுருள் விலையோ அதிகம். அப்படி எடுத்ததை வீடியோ கேசட்டில் பதிந்து கடைகளில் விற்றார்கள். ஃபால் லைன் ஃபிலிம்ஸ் 1990 வாக்கில் வெளியிட்ட ஒரு படத்தின் பெயர் 'ஸ்னோபோர்டர்ஸ் இன் எக்ஸைல்'. நாடு கடத்தப்பட்டவர்கள் என்று பொருள். பெயரிலேயே கதை இருக்கிறது. பிறகு ஹாட்செட் சகோதரர்களின் 'டோட்டலி போர்டு' வரிசையும், மைக் மெக்கன்டயரின் படங்களும் வந்தன.

1980-களில் டி.வி.யும் வி.சி.ஆரும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேசட்டின் அருமை. அங்கே அந்தக் கேசட்தான் வாத்தியார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டு, எந்தத் தோள் முதலில் திரும்புகிறது, எந்தக் கால் மடிகிறது என்று பார்த்துக் கற்றார்கள்.

மலையோடு போனவர்

அந்தப் படங்களில் எல்லோரும் தேடிய முகம் கிரெய்க் கெல்லி. நான்கு முறை உலக சாம்பியன். புகழின் உச்சியில், பரிசும் பணமும் வந்துகொண்டிருந்த வேளையில், போட்டிகளை விட்டு ஒதுங்கினார். வாசலும் நாற்காலியும் இல்லாத மலைகளில் நடந்து ஏறி இறங்குவதே தனக்குப் போதும் என்று தீர்மானித்தார். பிறருக்கு மலை வழிகாட்டியாக இருக்கப் பயிற்சியும் பெற்றார். 2003 ஜனவரி 20-ந்தேதி கனடாவில் ரெவல்ஸ்டோக் அருகே பனிச்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் பலியானார்கள். கெல்லியும் அவர்களில் ஒருவர். வயது 36.

1998-ல் ஜப்பானில் நாகானோ ஒலிம்பிக்கில் பனிப்பலகை சேர்ந்தது. அன்றைய தலைசிறந்த வீரர்களில் ஒருவரான நார்வேயின் தெர்யே ஹாகன்சன் போக மறுத்துவிட்டார். நம் நாட்டிலும் காஷ்மீர் குல்மார்க்கில் 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளில் இந்த விளையாட்டு இடம் பெற்றது. அமெரிக்காவில் ஆல்டா, டீர் வேலி, மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று மைதானங்கள் மட்டும் இன்னும் பிடிவாதமாகக் கதவை மூடியே வைத்திருக்கின்றன.

2019 ஜூலையில் 89-வது வயதில் ஷெர்மன் பாப்பன் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் 65-வது வயதில் ஜேக் பர்ட்டன் மறைந்தார். மஸ்கீகன் நகரில் இந்த விளையாட்டின் நினைவாக வெண்கலச் சிலை நிற்கிறது.

இன்று பலகைக்கும் நாற்காலியில் இடம் உண்டு. படத்தைக் கைக்குள் அடங்கும் போனிலேயே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பனியில் கால் புதைய மலை ஏறி, ஒரே ஒரு தடவை சறுக்கி இறங்கியவர்களுக்கு, அந்தப் பழைய கேசட்டில் தெரிவது வெறும் விளையாட்டு அல்ல. இடம் இல்லை என்றவர்கள் கண்ணெதிரே தங்களுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்ட காலம்.