நொட்டை சொல்கிறவளும் வேண்டும்!

"எதைச் சொன்னாலும் ஒரு நொட்டை சொல்லாம இருக்க மாட்டா! அவளை எதுக்குத்தான் சேர்த்தோமோ?"

நாலு பெண்கள் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. அலுவலகமோ, ஆசிரியைகள் அறையோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, எங்கும் இதே கதைதான்.

தமிழ்நாட்டில் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒரு குழுவில் இருபது பேர் வரை. இருபது பேரும் அச்சு வெல்லம் மாதிரி ஒரே வார்ப்பாக இருப்பார்களா, என்ன?

தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒருத்தி, "எடுத்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்பாள். ஆர்டர் பிடித்து வருவதே அவள்தான். இன்னொருத்தி, "எண்ணெய் என்ன விலை, கையில என்ன நிக்கும்?" என்று பென்சிலும் கையுமாக உட்காருவாள். மூன்றாமவள் வாயே திறக்க மாட்டாள். ஆனால் மாவின் பதம் அவள் கைக்குத்தான் தெரியும். நாலாமவள், "மழை பிடிச்சுக்கிட்டா முறுக்கு நமுத்துப் போகாதா? பணம் எப்போ தருவாங்க?" என்பாள்.

முதலாமவள் மட்டும் இருந்தால் கடன்தான் மிஞ்சும். நாலாமவள் மட்டும் இருந்தால் அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். நாலு பேரும் வேண்டும்.

எடுபடாமல் போன பேச்சு

ஆனால் நாலாமவளை நாம் சகுனத் தடை என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, மேதைகள் நிறைந்த இடத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம், கிளம்பிய 73ஆவது விநாடியில் வானிலேயே சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. இரண்டு குழந்தைகளின் தாய்.

முந்தின இரவே, ராக்கெட் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர், "இந்தக் குளிரில் வேண்டாம்" என்று வாதாடினார்கள். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. நம் வீட்டுக் குக்கரின் கேஸ்கட் விறைத்துப் போனால் ஆவி கசிகிறதல்லவா? அதே சங்கதிதான். குளிரில் ரப்பர் விறைத்தால் நெருப்பு கசியும் என்று பயந்தார்கள். பயணமோ ஏற்கெனவே பல தடவை தள்ளிப் போயிருந்தது. மேலாளர்கள் தனியே கூடிப் பேசி, சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு விசாரணையில், விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன் இடுக்கியில் இறுக்கிய ரப்பர் துண்டை ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்தார். இடுக்கியைத் தளர்த்தியும் ரப்பர் சட்டென்று பழைய வடிவத்துக்கு வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் தெரிந்துவிட்ட உண்மை! சொல்ல ஆள் இருந்தது. கேட்கத்தான் மனசு இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

* கூட்டத்தில் தலைவி கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

* எல்லோருக்கும் முறை வைத்துப் பேசச் சொல்லுங்கள். உடனே பேச வராதவர்களுக்கு விஷயத்தை முதல் நாளே சொல்லி வையுங்கள். யோசித்துக்கொண்டு வருவார்கள்.

* குறை சொல்கிறவரிடம், "அப்போ என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். குறை சொல்வதோடு நிற்காமல் வழி தேடுவதும் அவர் பொறுப்பாகிவிடும்.

* தீர்மானப் புத்தகத்தில் மாற்றுக் கருத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பின்னால் உதவும்.

எல்லா எதிர்ப்பும் சரியாகத்தான் இருக்கும் என்பதில்லை. கேட்டபிறகு வேண்டாம் என்று தள்ளலாம். கேட்காமலே தள்ளக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் யாராவது "ஆனா..." என்று இழுத்தால், முகத்தைச் சுளிக்காமல், "சொல்லுங்கக்கா" என்று கேட்டுத்தான் பாருங்களேன்!