கண்ணும் மருந்தும் – 7: சிவப்பு போனால் சுகம் ஆகிவிடுமா?

போன வாரம், வயிற்றுக்குள் போகும் மாத்திரை கண்ணுக்கு என்ன செய்யும் என்று பார்த்தோம். இந்த வாரம் நேரே கண்ணில் விடும் மருந்து. இதை எங்கள் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இராஜாக்கமங்கலத்தில் பெரியப்பாவுக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு. காய்ந்த ஓலைகளை இழுத்துக் குவிக்கும்போது ஒருநாள் ஈர்க்கு நுனி இடது கண்ணில் உரசிவிட்டது. கிணற்றடியில் முகம் கழுவினார். பெரியம்மை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி இரண்டு சொட்டு விட்டாள். மறுநாள் கண் செக்கச்செவேல் என்றாகி நீர் வடிந்தது. “கண்ணு செவந்திருக்கு தம்பி, ஒரு சொட்டு மருந்து குடு” என்று மருந்துக்கடையில் கேட்டார், கொடுத்தார்கள். இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது. “நல்ல மருந்து மக்களே” என்று போனில் சொன்னார். பத்தாம் நாள் கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளை.

ஊருக்குப் போனதும் அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் ஓர் ஆன்டிபயாடிக், கூடவே டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு.

காயம் பட்ட கண் ஏன் சிவக்கிறது? அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்கள் வெளியே வந்து, நுழைந்த கிருமியை மடக்கப் பார்க்கின்றன. ஸ்டீராய்டு அந்த வேலையை நிறுத்திவிடும். சிவப்பு குறையும், வலி குறையும். கிருமி மட்டும் அப்படியே இருக்கும், யாரும் தடுக்காததால் ஆழமாகவும் போகும். ஓலையும் வைக்கோலும் மண்ணும் கொண்டு வருவது பெரும்பாலும் பூஞ்சை. ஃப்யூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்பவை அவற்றில் முக்கியமானவை. கூடவே இருந்த ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. ஆக, அந்தக் குப்பியில் பாதி மருந்து பயனற்றது, மீதிப் பாதி எதிரிக்குத் துணை.

பெரியப்பா தனி ஆள் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்றே மாதத்தில் வந்த 434 கருவிழிப் புண்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். சோதனையில் கிருமி வளர்ந்து தெரிந்தவற்றில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. பெரும்பாலானவர்களுக்குக் கண்ணில் ஏதோ அடிபட்டதுதான் தொடக்கம். வயலிலும் தோப்பிலும் தேங்காய் மட்டை ஊறவைக்கும் கதம்பைக் குழியிலும் வேலை செய்கிற ஊர்களின் நோய் இது.

இதற்கென்று இருக்கும் மருந்தின் பெயர் நட்டாமைசின். 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்தது, அதனால் அந்தப் பெயர். பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. நம் செல்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். நட்டாமைசின் எர்கோஸ்டெராலைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், நம் செல்லை விட்டுவிடும். பிறகு வோரிகோனசோல் என்ற புது மருந்து வந்தது. கருவிழிக்குள் இன்னும் நன்றாக ஊடுருவும் என்பதால் அதன்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை. எது சிறந்தது என்று அரவிந்த் மருத்துவர்களும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பெரும்பாலும் தமிழ்நாட்டு நோயாளிகள் 323 பேரிடம் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வந்தது. பழைய நட்டாமைசினே ஜெயித்தது, ஃப்யூசேரியத்தில் வெகு தெளிவாக. உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்று அதை முதல் மருந்தாக எழுதுவதற்கு நம் விவசாயிகளின் கண்கள் சாட்சி சொல்லியிருக்கின்றன. எனக்கு இது பெருமையாக இருக்கிறது.

ஆனால் அது பொறுமை கேட்கும் மருந்து. தண்ணீரில் கரையாது. குப்பியைச் சற்று நேரம் வைத்தால் சுண்ணாம்பு போல அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் கண்ணில் விழுவது வெறும் நீர். ஆழமாகவும் போகாது, புண்ணின்மேல் படிந்துதான் வேலை செய்யும். அதனால் முதல் சில நாட்கள் மணிக்கு ஒரு தரம் விடச் சொல்வார்கள். பெரியப்பாவுக்கும் கண் மருத்துவர் கடைசியில் அதைத்தான் எழுதித் தந்தார். பெரியம்மை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குலுக்கி விட்டாள், ராத்திரியும் எழுந்து. கண் தப்பியது. நடுக் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. முதல் நாளே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தால் தழும்பு இவ்வளவு பெரிதாக ஆகியிருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஸ்டீராய்டு சொட்டு கெட்ட மருந்து அல்ல. கண் அறுவைக்குப் பிறகு அது இல்லாமல் முடியாது. கண் மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து, நாள் கணக்கு எழுதித் தருகிற மருந்து அது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. புண்ணே இல்லாத கண்ணிலும் நான்கைந்து வாரம் தொடர்ந்தால், மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும். வலிக்காது. அழுத்தம் அப்படியே நீடித்தால் ஓரப் பார்வை மெல்ல மெல்லக் குறுகும், போன பார்வை திரும்ப வராது. கோடையில் கண் அரிக்கும் பிள்ளைகளுக்குப் பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் இதை வாங்கி விடுகிற தாய்மாரை நினைத்தால் வயிறு கலங்குகிறது. குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், “இது ஸ்டீராய்டுதானே, எத்தனை நாள்?” என்று கேளுங்கள்.

நட்டாமைசினோடு பெரியப்பாவுக்கு இன்னொரு சொட்டும் கொடுத்திருந்தார்கள், அட்ரோபின். கண்ணுக்குள் பிடித்து இழுக்கும் தசையைத் தளர்த்தி வலியைக் குறைப்பது. நம் ஊர் ஊமத்தையிலும் இருக்கிற பொருள்தான். அதை விட்ட கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டார்: “கண்ணுல விட்டது தொண்டையில கசக்கு. வாயும் வறளுது. அது எப்படி மக்களே?”

கண்ணின் உள்மூலையில் இரண்டு சின்னத் துளைகள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியாகத்தான் மூக்குக்கு வடிகிறது. ஒரு சொட்டு ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர், இமைக்குள் தங்குவது 30-க்கு மேல் இல்லை. மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது அந்தத் துளைகள் வழியே மூக்கின் ஈரச் சவ்வுக்குப் போய், கல்லீரலைத் தொடாமலே ரத்தத்தில் கலக்கும். அவர் கையைப் பிடித்து, மூக்கை ஒட்டிய கண் மூலையில் ஒரு விரலை வைத்து, கண்ணை மூடி, இரண்டு நிமிஷம் மெல்ல அழுத்தச் சொன்னேன். அடுத்த வேளை கசப்பு குறைவாக இருந்தது என்றார்.

வாய் வறண்டதோடு அவருக்குப் போயிற்று. கண்ணழுத்தத்துக்கு விடும் டைமோலால் சொட்டு இதே வழியில் நுரையீரலுக்குப் போய், இளைப்புக்காரரை மூச்சுக்குத் தவிக்க வைக்கும். அது அடுத்த வாரம்.

(தொடரும்)