பந்து வருமுன் பார்க்கும் கண்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலமலைச் சரிவுகளுக்குள் செல்லும் பாதையில் சமதரை அரிது என்றாலும், அப்பாதை சென்றடையும் மூணாறில் தேயிலைத் தோட்டங்களின் அணிகள் ஃபின்லே கேடயத்துக்காக மோதும் கால்பந்துப் போட்டி பல பத்தாண்டுகளாக நடந்துவருவதால், இம்மலையடிவாரச் சிறுவர்களுக்குச் சிறிய திடலில் எதைக் கற்பிக்கலாம் என்பது ஆராயத்தக்க கேள்வியே.

உடலின் பல மூட்டுகளும் தசைகளும் ஒரு நோக்கத்துக்காக இசைந்து இயங்குவதே ஒருங்கியக்கம் எனப்படும். 1920-களில் மாஸ்கோவில் உடலியக்க ஆய்வாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், தேர்ந்த தொழிலாளர்கள் சுத்தியல் அடிப்பதைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, சுத்தியலின் முனை ஏறத்தாழ ஒரே இலக்கை அடைந்தாலும் தோளும் முழங்கையும் ஒவ்வோர் அடியிலும் வெவ்வேறாக அசைவதைக் கண்டார். திறன் என்பது ஒரே அசைவை மனப்பாடம் செய்வதன்று, ஒரே சிக்கலைப் புதிதுபுதிதாகத் தீர்ப்பது என்பதே இதன் பொருள். ஆகவே கூம்புகளை வரிசையாக நட்டு அவற்றைச் சுற்றிப் பந்தை உருட்டவைக்கும் பயிற்சி, அது எவ்வளவு ஒழுங்காகத் தோன்றினாலும், பாதிப் பயிற்சியே. கூம்பு யாரையும் ஏமாற்றுவதில்லை.

மறுபாதி புலனறிவு, அதாவது களத்தில் யார் எங்கே நகர்கிறார் என்பதை உணர்ந்து முடிவெடுப்பது. விழித்திரையின் மையக்குழி கூர்மையாகக் காண்பது ஏறக்குறைய 2 பாகை அளவே என்பதால், பந்து வந்துசேருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் நோட்டமிடாத ஆட்டக்காரருக்கு களம் முழுதும் தெளிவாகத் தெரியாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை ஆராய்ந்த நார்வே அறிஞர் கெய்ர் யூர்டெட், அடிக்கடி நோட்டமிடுவோர் பந்தைத் தோழரிடம் சரியாகச் சேர்க்கும் விகிதமும் அதிகம் எனக் கண்டார். அவ்வாட்டக்காரர்களுள் ஒருவரான ஃபிராங்க் லாம்பார்ட் நொடிக்கு 0.62 முறை நோட்டமிட்டதாக அவர் கணக்கிட்டார். நோட்டமிடுவதால் திறமை வந்ததா, திறமையுள்ளவர் நோட்டமிடுகிறாரா என்பதை இத்தகைய தொடர்பு மட்டும் நிறுவிவிடாது.

இரண்டையும் பிரிக்காமல் பயிற்றுவிக்கச் சிறிய திடலே போதும். மூவருக்கு மூவராக ஆடும்போது ஒவ்வொருவருக்கும் பந்து பலமுறை கிடைப்பதோடு, எதிராளி நெருங்குவதால் காலும் கண்ணும் ஒருசேர வேலை செய்கின்றன. பந்து காலில் சேருமுன் பயிற்சியாளர் பின்னாலிருந்து உயர்த்தும் துணியின் நிறத்தைச் சொல்லவைத்தால் தலை தானே திரும்பும்.

சிறுவர்களுக்கு 14 வயதையொட்டியும் சிறுமியர்க்கு 12 வயதையொட்டியும் உயரம் திடீரெனக் கூடும் காலத்தில், நீண்டுவிட்ட கால்களுக்குப் பழகாமல் சிலர் தடுமாறுவதுண்டு. அப்போது அவர்களை அணியிலிருந்து விலக்குவதைவிட, ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து, நோட்டமிடும் பயிற்சியைக் கூட்டுவது பயனுள்ள வழியாகும்.