ரெக்கார்டரா, லேப்டாப்பா?

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ண ஆசை வந்ததும் எல்லாரும் கேட்கிறது இதுதான்: தனி ரெக்கார்டர் வாங்கலாமா, இருக்கிற லேப்டாப்ல சாஃப்ட்வேர் போட்டாலே போதுமா? இதை சவுண்ட் குவாலிட்டி சண்டையா மாத்தாதீங்க. இன்னைக்கு ரெண்டுமே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல பதியும். மைக்கும் அதை வைக்கிற இடமும்தான் சத்தத்தை முடிவு பண்ணும். பாட்டு உங்க ரூமுக்கு வருமா, இல்ல நீங்க அதைத் தேடிப் போகணுமா? இதை முதல்ல யோசிங்க.

ரூமுக்கு வரும்னா லேப்டாப்தான், யோசிக்கவே வேண்டாம். கீபோர்டு ஒரு ட்ராக், குரல் ஒரு ட்ராக்னு அடுக்கலாம், தப்பான வரியை மட்டும் திரும்பப் பாடலாம். ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் முழுசா ட்ரை பண்ணிட்டு, பிடிச்சா 60 டாலருக்கு லைசென்ஸ் வாங்கலாம். தொல்லை லேட்டன்சி. 512 சாம்பிள் பஃபர்னா உள்ளே போக மட்டும் சுமார் 11 மில்லிசெகண்ட், வெளியே வர இன்னொரு 11. உங்க குரலே ஹெட்போன்ல பின்தங்கி வந்தா தாளம் தடுமாறும். டைரக்ட் மானிட்டர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தா பிரச்சினை இல்லை. பின்னணியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் கேட்டா, சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. பாதி நேரம் அதுதான் காரணம்.

ஆனா குடவாசல் பக்கம் பதிய வேண்டிய விஷயங்கள் நிறைய ரூமுக்கு வராது. நடவு மெஷின் வந்த பிறகு நடவுப் பாட்டு கேட்கிறதே குறைஞ்சுபோச்சு. அதை முழுசாத் தெரிஞ்சவங்க பெரும்பாலும் பாட்டிமார்கள். சேத்து வரப்புல லேப்டாப்பைத் திறந்து, இன்டர்ஃபேஸ் மாட்டி, டிரைவர் அப்டேட் ஆகுறவரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க. சூம் எச்1என் மாதிரி கையடக்க ரெக்கார்டருக்கு ரெண்டு சின்ன பேட்டரி போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஸ்டீரியோவுல ஒரு மணி நேரம் பதிஞ்சா சுமார் 1 ஜிபி, அதனால 32 ஜிபி கார்டுல ஒரு நாள் முழுக்கப் பதியலாம்.

கோயில் புறப்பாட்டுல நாதஸ்வரம், தவில்னா இன்னும் கவனம் வேணும். ரெண்டுமே திறந்தவெளிக்குன்னு பிறந்த வாத்தியம், பக்கத்துல போனா லெவல் சிவப்பைத் தொடும். சில அடி தள்ளி நில்லுங்க. ஆட்டோ லெவலை ஆஃப் பண்ணிட்டு, பெரிய அடி விழும்போது மைனஸ் 12 டெசிபல்ல நிக்கிற மாதிரி கெயினை வைங்க. கிளிப் ஆனதை எந்த சாஃப்ட்வேரும் ஒழுங்கா மீட்டுத் தராது.

சின்ன மெஷின்னு இளக்காரமா நினைக்காதீங்க. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட 'நெப்ராஸ்கா' (1982) வீட்ல 4 ட்ராக் கேசட் மெஷின்ல டெமோவா பதிஞ்சதுதான். ஸ்டுடியோல பேண்டோட வாசிச்சுப் பார்த்தும் அந்த உணர்வு வராம, கேசட்ல இருந்ததையே ஆல்பமா வெளியிட்டாங்க.

ஒண்ணுதான் வாங்க காசு இருக்குன்னா, யுஎஸ்பில மாட்டினா மைக்காவும் வேலை செய்யுற ரெக்கார்டரா பாருங்க, எச்1என்ல அந்த வசதி இருக்கு. வெளியே பதிஞ்சுட்டு வந்து ஆடாசிட்டில வெட்டி ஒட்டலாம்.

பதியுறதுக்கு முன்னாடி பாடுறவங்ககிட்ட அனுமதி கேளுங்க. முதல் பத்து செகண்ட்ல தேதி, ஊர், அவங்க பேரை உங்க குரல்லயே சொல்லிடுங்க. அன்னைக்கு ராத்திரியே ஃபைலை ரெண்டு இடத்துல காப்பி பண்ணி, ஒரு காப்பியை அவங்க வீட்டுப் பிள்ளைங்க போன்லயும் போட்டுக் கொடுத்துடுங்க.