மகரக்கட்டு வந்த பையனுக்கும் ஒரு பார்ட்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிச்சது. எங்க பெரியம்மா பொண்ணு மணமேல்குடி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில டீச்சர். ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் மீட்டிங் முடிஞ்சு லேப்டாப்பை மூடுறேன், அக்கா கூப்பிட்டாங்க.

"தம்பி, இந்தத் தடவை ஆண்டு விழாவுக்குப் பிள்ளைங்களே பாடி நடிக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும்டா. முக்கால் மணி நேரம் போதும். நீதான் எப்பப் பார்த்தாலும் எதையாவது தோண்டிக்கிட்டே இருக்கியே, ஒரு ஸ்கிரிப்ட் தேடிக் கொடு."

ஏன்க்கா திடீர்னு என்று கேட்டேன். போன வருஷம் மேடையில் ஏழு அயிட்டம். ஏழும் சினிமாப் பாட்டுக்கு டான்ஸ். மூணாவது பாட்டு நடுவுல பென்டிரைவ் நின்னு போச்சு. பிள்ளைங்க கையைத் தூக்கினபடி அப்படியே நிக்கிறாங்க. அதுல ஒரு பொண்ணு, வகுப்புல டெஸ்க்கைத் தட்டி அந்தப் பாட்டை முழுசாப் பாடுறவ. "அவளுக்கு வரி தெரியும்டா. ஆனா நாம பாடலாம்னு அவளுக்குத் தோணவே இல்ல. எங்களுக்கும் தோணல" என்றாங்க அக்கா. அதுதான் அவங்களை உறுத்திக்கிட்டே இருந்திருக்கு.

சரி, ஒரு மணி நேரத்துல தேடிக் கொடுத்துடலாம்னு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு.

முதல்ல போன இடம்: அமெரிக்கா

பள்ளி மியூசிக்கல் என்று தேடினால் முதலில் வருவது பிராட்வே ஜூனியர். நியூயார்க்கில் ரெண்டரை மணி நேரம் ஓடுற இசை நாடகங்களைப் பள்ளிகளுக்காக ஒரு மணி நேரமாகச் சுருக்கி, உரிமக் கட்டணம் வாங்கிக்கிட்டுக் கொடுக்கிறாங்க. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு அரை மணி நேர வடிவமும் உண்டு. வெறும் சுருக்கம் மட்டும் இல்லை. பாட்டின் சுருதியை வளர்ற குரலுக்கு ஏத்த மாதிரி மாத்துறாங்க. சின்னச் சின்ன வேஷங்களைக் கூட்டுறாங்க. பின்னணி இசையையும் ரெக்கார்ட் பண்ணிக் கூடவே தர்றாங்க.

பார்த்ததும் எனக்குப் பொறாமைதான் வந்தது. தமிழில் இப்படி ஒரு பெட்டி கிடையாதே, எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுதணுமே என்று நினைச்சேன். ஆனா அந்த நினைப்பே தப்பு. பிள்ளைகள் நடிக்கிறதுக்குன்னே இசை நாடகம் எழுதினவர் நம்மகிட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கார்.

சங்கரதாஸ் சுவாமிகள்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-ல் புதுச்சேரியில் இறந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, பிரகலாதா என்று அவர் எழுதின நாடகங்களின் பேரையாவது உங்க தாத்தா பாட்டி வாயில் கேட்டிருப்பீங்க. நம்ம மாவட்டத்தோடும் அவருக்கு நெருங்கின தொடர்பு உண்டு. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் தாளம் கத்துக்கிட்டவர் அவர். பிள்ளை அவரைத் தன் மகனாகவே ஏத்துக்கிட்டார்.

பெரியவங்க நடிக்கிற கம்பெனிகளில் வேலை பார்த்த பிறகு, சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இதைத்தான் அப்போ பாய்ஸ் கம்பெனின்னு சொல்வாங்க. நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். டி.கே. சண்முகம் சேர்ந்தப்போ அவருக்கு வயசு ஆறு. சுவாமிகள்தான் வாத்தியார். பாட்டு எழுதுறது, சொல்லிக் கொடுக்கிறது, எந்தப் பையனுக்கு எந்த வேஷம் என்று பார்க்கிறது எல்லாம் அவர். கையில் இருக்கிற பிள்ளையின் குரலைப் பார்த்து எழுதினார் என்பதுதான் இங்கே முக்கியம். பிராட்வே ஜூனியர் செய்றதும் அதே வேலைதான்.

ஒத்திகையே இல்லாத நாடகம்

இதெல்லாம் பழைய கதைதானே என்று கேட்கலாம். இல்லை. மாசியில் ஆரம்பிச்சு நாலஞ்சு மாசம், புதுக்கோட்டை, மதுரை, சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்னைக்கும் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியற வரைக்கும் ஸ்பெஷல் நாடகம் நடக்குது. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர்களுக்குச் சங்கமே இருக்கு.

இதில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேற ஊர், பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிக்கிறவங்க தனி. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா புக் பண்றாங்க. பல சமயம் அன்னைக்கு ராத்திரிதான் மேடைக்குப் பின்னாடி எல்லாரும் சந்திக்கிறாங்க. ஒத்திகை இல்லை, டைரக்டர் இல்லை. ஆனாலும் எட்டு மணி நேர நாடகம் ஓடுது.

எப்படி? எனக்கு இது எங்க வேலையில் வர்ற ஏபிஐ மாதிரி தோணுச்சு. காட்சி வரிசை நிலையானது. பாட்டுகள் பொதுவில் எல்லாருக்கும் தெரிஞ்சது. யார் வந்தாலும் உள்ளே வரும்போது தன்னை அறிமுகப்படுத்திப் பாடிக்கிட்டேதான் வரணும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் எந்த இடத்தில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த நாலு தூணும் நின்னாப் போதும். நடுவில் பேச்சை அவங்கவங்க இஷ்டத்துக்கு நீட்டலாம், சுருக்கலாம், ஊர்ப் பேரைச் சேர்க்கலாம்.

பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. ஒரு பையனுக்கு அன்னைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்தா, அறிமுகப் பாட்டும் காட்சி வரிசையும் தெரிஞ்ச இன்னொருத்தன் உள்ளே வரலாம். பேச்சு மறந்தாலும் சொந்த வார்த்தையில் சமாளிக்கலாம். முக்கியமா, பென்டிரைவே இல்லை. பிள்ளை தடுமாறினா ஆர்மோனியக்காரர் அதே அடியைத் திரும்ப வாசிச்சுக் காத்திருப்பார். ரெக்கார்ட் பண்ணின பாட்டு யாருக்கும் காத்திருக்காது.

ஆனா பாய்ஸ் கம்பெனியைக் கொண்டாட முடியாது

இதைச் சொல்லியே ஆகணும். அந்தப் பையன்கள் வீட்டை விட்டுட்டுக் கம்பெனியோடு ஊர் ஊராய்ப் போனாங்க. பள்ளிப் படிப்பு போச்சு, அடி உதையும் இருந்தது. பெண் வேஷமும் பையன்கள்தான். பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. இன்னைக்கு அது குழந்தைத் தொழிலாளர் முறை. நாம எடுத்துக்க வேண்டியது எழுதின முறையை மட்டும்தான்.

குரல் உடையற வயசில் பையன்களுக்கு இன்னொரு சோதனை. அதுக்கு நாடகக்காரங்க வச்ச பேர் மகரக்கட்டு. பாடித்தான் பிழைப்பு என்கிறப்போ குரல் போனா எல்லாம் போச்சு. புதுக்கோட்டையில் 1916-ல் பிறந்த பி.யு. சின்னப்பாவுக்கு அதுதான் நடந்தது. பாய்ஸ் கம்பெனியில் பேர் வாங்கினவர், மகரக்கட்டு வந்ததும் கம்பெனியை விட்டு ஊருக்குத் திரும்பினார். சங்கீதமும் சிலம்பமும் கத்துக்கிட்டு மறுபடி எழுந்து, 1940-ல் உத்தமபுத்திரனில் இரட்டை வேஷம் போட்டார். எல்லாராலும் அப்படித் திரும்பி வர முடியாது.

எனக்கும் எட்டாவது படிக்கும்போது மகரக்கட்டு. குழுப் பாட்டுக்கு நாலு வருஷமா முன்வரிசையில் நின்னவன். ஒருநாள் ஒத்திகையில் குரல் கீச்சுன்னு போச்சு, எல்லாரும் சிரிச்சாங்க. "நீ சும்மா வாயசை" என்றார் சார். அவர் கெட்டவர் இல்லை, விழாவுக்கு ரெண்டே நாள்தான் இருந்தது. ஆனா அதுக்கப்புறம் நான் எங்கேயும் பாடினதில்லை. இப்போ மைக் முன்னாடி பேசுறேன், அவ்வளவுதான்.

அதனால ஸ்கிரிப்ட் தேடும்போது எனக்கு ஒரு கேள்வி மனசிலேயே இருந்தது. குரல் உடைஞ்ச பையனுக்கு இதில் என்ன வேஷம்? இசை நாடகத்தில் பதில் இருக்கு. சத்தியவான் சாவித்திரியில் எமன் இருக்கான். கீழ் சுருதியில், அஞ்சாறு ஸ்வரத்துக்குள்ளே அடங்கிற மாதிரி ஒரு பாட்டு, மீதி வசனம். குரல் கரகரத்தா எமனுக்கு இன்னும் நல்லது. பாடவே முடியாதவன் பபூன். எதிரில் சாவித்திரி, பன்னிரண்டு வயசுப் பொண்ணு, அஞ்சு கட்டைச் சுருதியில் எமனிடம் தர்க்கம் பண்ணி ஜெயிக்கிறா.

எட்டு மணி நேரம் டு நாற்பது நிமிஷம்

அக்காவும் நானும் வாட்ஸ்அப் காலில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. உங்க பள்ளிக்கும், ஊர் இளைஞர் மன்றத்துக்கும் உதவும்.

மொத்தம் ஆறு பாட்டு. ஆரம்பத்தில் கூட்டமாக ஒண்ணு, அறிமுகப் பாட்டு மூணு, தர்க்கம் ஒண்ணு, முடிவில் எல்லாரும் சேர்ந்து ஒண்ணு. அறிமுகப் பாட்டு நாலு வரிக்கு மேல் வேண்டாம். தர்க்கம் மட்டும் பத்து நிமிஷம். ஸ்பெஷல் நாடகத்தில் கூட்டம் தூங்காமல் கேட்கிறதே அதைத்தான். பபூனும் டான்ஸும் பேசுற இரட்டை அர்த்தப் பகுதி முழுக்க வெட்டு. அந்த இடத்தில் பபூன் ஊர்க் கதை பேசலாம். வாத்தியம் ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம் அல்லது தபேலா. வாசிக்கிறவரை முதல் ஒத்திகைக்கே கூப்பிடணும். அவர்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தக் கட்டை சரின்னு சொல்வார்.

புராணக் கதை எங்க ஊருக்குச் சரிவருமா என்று அக்கா யோசிச்சாங்க. அவங்க வகுப்பில் மூணு மதத்துப் பிள்ளைகளும் இருக்காங்க. அதனால கதையை மாத்தி, அமைப்பை மட்டும் வச்சுக்கிட்டோம். மணமேல்குடிக் கடலில் ஆவுளியா இருக்கு. கடல்பசுன்னு புத்தகத்தில் போடுவாங்க. புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவிச்சது. வலையில் ஓர் ஆவுளியா மாட்டுது. அறுத்து விடணும்னா வலை போச்சு. வலைக்கு யார் காசு கொடுப்பா? ஆவுளியாவுக்கும் மீனவருக்கும் தர்க்கம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறதால தர்க்கம் நல்லா நிக்கும். மீனவர் வேஷம் குரல் உடைஞ்ச பையனுக்கு. ஆவுளியா வேஷம் போன வருஷம் மேடையில் பேசாமல் நின்ன அந்தப் பொண்ணுக்கு.

பாட்டு வழியா ஒரு விஷயத்தைச் சொன்னா இந்த மாவட்டத்தில் எடுபடுமா என்கிற சந்தேகமே வேண்டாம். 1991, 92-ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை முழுக்க ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாகத்தான் எழுத்தறிவைக் கொண்டு போச்சு. பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டதும் அந்த அலையில்தான். ஐம்பது வயசைத் தாண்டின யாரைக் கேட்டாலும் ஒரு பாட்டாவது பாடிக் காட்டுவாங்க.

உரிமை யாருடையது?

கடைசியா காப்பிரைட். நான் வக்கீல் இல்லை, படிச்சதைச் சொல்றேன். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருஷம் உரிமை இருக்கும். சுவாமிகள் இறந்தது 1922, அதனால அவர் நாடகங்கள் எப்பவோ பொதுச் சொத்து ஆயிடுச்சு. சுருக்கலாம், மாத்தலாம், யாருக்கும் கட்டணம் கிடையாது.

வேற யாராவது எழுதின நாடகமாக இருந்தாலும், காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்கு இருக்கு. பள்ளி நடவடிக்கையின் பகுதியா ஆசிரியர்களும் மாணவர்களும் நடிக்கலாம். அமெச்சூர் மன்றங்கள் டிக்கெட் வாங்காமல் நடத்தினாலும், கோயில் போன்ற மத நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தினாலும் விலக்கு உண்டு. ஆனா அதை வீடியோ எடுத்து யூடியூபில் போடறது தனி விஷயம். அதுக்கு இந்த விலக்கை நம்பாதீங்க.

நேத்து ராத்திரி அக்கா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. முதல் ஒத்திகை. ஆர்மோனியம் இன்னும் வரலை, யாரோ டெஸ்க்கில் தாளம் தட்டுறாங்க. மீனவர் வேஷப் பையன் நாலு வரி பாடுறான். மூணாவது வரியில் குரல் கீச்சுன்னு உடையுது, சிரிப்புச் சத்தம் கேட்குது. அவனும் சிரிச்சுட்டு, "ஏ ஆவுளியா, உப்புத் தண்ணி குடிச்சு என் தொண்டையே போச்சு பாரு" என்று சொல்லிட்டு நாலாவது வரியைப் பாடி முடிக்கிறான். அந்த வசனம் ஸ்கிரிப்ட்டில் இல்லை. இப்போ சேர்த்துட்டோம்.

உங்க ஊர்ல ஆர்மோனியம் வாசிக்கிறவர் யார்னு இந்த வாரம் விசாரிச்சு வைங்க.