மழைக் கணக்கும் மின் கணக்கும்

ஐப்பசி மாதத்தில் பொன்னேரி வட்டத்துச் சம்பா நெல்லுக்கு மேலுரம் இட வேண்டியிருக்கும். காலையில் யூரியாவைத் தூவி, மாலையில் கனமழை கொட்டினால் உரம் வடிகாலோடு போய்விடும். மழை வரும் என்று காத்திருந்து, அது வராமல் போனால் பயிர் வெளிறும். இரண்டு நாள் முன்னதாக நம்பகமான வானிலைச் செய்தி கிடைத்தால் உரமும் மிச்சம், கூலியும் மிச்சம்.

அந்தச் செய்தியைக் கணித்துத் தருவது சூப்பர் கம்ப்யூட்டர். அது ஓட ஏராளமான மின்சாரம் வேண்டும். மின்சாரத்தின் உண்மையான விலை என்ன என்பதை வள்ளூர்ப் பகுதி விவசாயிகளுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாம்பலில் ஒரு கணக்கு

வள்ளூர் அனல் மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் திறனுள்ள 3 அலகுகள் உள்ளன. அனல் மின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. அதை எங்கேனும் சேர்த்து வைத்தாக வேண்டும். அதனால் வரும் தொல்லையைக் கொசஸ்தலை ஆற்றங்கரை மக்கள் நன்கு அறிவர்.

2022-ல் உலகின் முதலிடத்தைப் பிடித்த அமெரிக்காவின் ‘பிரான்டியர்’ சூப்பர் கம்ப்யூட்டருக்குச் சுமார் 21 மெகாவாட் மின்சாரம் தேவைப்பட்டது. இது 5 குதிரைத் திறன் பம்பு செட்டுகள் 5,600 ஒரே சமயத்தில் ஓடுவதற்குச் சமம். அத்தகைய கம்ப்யூட்டர் ஒன்றை நிலக்கரி மின்சாரத்தில் இயக்கினால் நாளொன்றுக்கு 350 டன் நிலக்கரி எரியும். நூறு டன்னுக்கு மேல் சாம்பல் விழும்.

கட்டம் சிறுத்தால் கணக்கு பெருகும்

வானிலையைக் கணிக்கும்போது பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றனர். முன்பு நம் நாட்டில் ஒரு கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டர். அந்த அளவில் கடல், கழிமுகம், ஆலை, வயல் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 2025 மே மாதம் தொடங்கப்பட்ட ‘பாரத் முன்கணிப்பு முறை’யில் இது 6 கிலோமீட்டராகக் குறைந்தது. பூனாவில் 2024-ல் நிறுவப்பட்ட ‘அர்கா’ சூப்பர் கம்ப்யூட்டர் இதற்கு உதவுகிறது.

கட்டத்தின் பக்கம் பாதியானால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. மின் செலவும் எட்டு மடங்கானால் ஊர்வாரி வானிலைச் செய்தி நமக்கு எட்டாக்கனியே. ஆகவேதான் சூப்பர் கம்ப்யூட்டரைச் சிக்கனமாகவும் கச்சிதமாகவும் செய்ய விஞ்ஞானிகள் பாடுபடுகின்றனர்.

மூன்று வழிகள்

முதலாவது, வேகத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது. நிலத்தை உழ இரண்டு காளைகள் வேண்டுமா, 1,024 கோழிகள் வேண்டுமா என்று அமெரிக்க நிபுணர் சேமோர் கிரே கேட்டதாகச் சொல்வர். கடைசியில் வென்றவை கோழிகளே! ஒரு சிப்பின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின் செலவு பாதியாகிறது. மிச்சமாகும் மின்சாரத்தில் இன்னொரு சிப் ஓடும். இரண்டும் சேர்ந்து 1.6 மடங்கு வேலை செய்யும்.

இரண்டாவது, தூரத்தைக் குறைப்பது. எருக்குழி தொலைவில் இருந்தால் எருவின் விலையைவிட வண்டிக் கூலி அதிகமாகும். கம்ப்யூட்டரிலும் ஒரு கணக்கைப் போடுவதைவிட, அதற்கான எண்ணைத் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து கொண்டுவர அதிக மின்சாரம் செலவாகிறது. நினைவகத்தைச் சிப்புக்கு அருகிலேயே அடுக்கிவிட்டால் மின்சாரமும் மிச்சம், இடமும் மிச்சம்.

மூன்றாவது, நீரால் குளிர்விப்பது. நெருக்கி அடுக்கினால் சூடு அதிகமாகும். ஒரே கொள்ளளவில் காற்றைவிட நீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். டீசல் என்ஜினைச் சுற்றி நீரை ஓடவிட்டுச் சூடு தணிப்பதைப் போல, சிப்பின் மேல் உலோகத் தகடு பொருத்தி அதனுள் நீரைச் செலுத்துகின்றனர். இதனால் பெரிய ஏ.சி. இயந்திரங்களுக்கு ஆகும் மின்சாரம் வெகுவாகக் குறைகிறது.

திருச்சியில் ‘பரம் பொருள்’

இந்த நீர்க் குளிர்விப்பு முறையில் அமைந்த கம்ப்யூட்டர் நம் தமிழகத்திலேயே உள்ளது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ நொடிக்கு 8 கோடி கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போடும் திறனுடையது. 1976-ல் வெளிவந்த ‘கிரே-1’ நொடிக்கு 16 கோடி கணக்குகளையே போட்டது. 115 கிலோவாட் மின்சாரம் எடுத்தது. எடை சுமார் ஐந்தரை டன். அன்றைய கம்ப்யூட்டர்களைக் கொண்டே ‘பரம் பொருள்’ செய்யும் வேலையைச் செய்வதானால் வள்ளூரைப் போன்ற மின் நிலையங்கள் 400 வேண்டும்!

இருப்பினும், சிக்கனம் வந்தால் செலவு தானே குறைந்துவிடும் என்று எண்ணலாகாது. சொட்டு நீர் அமைத்து மிச்சமாகும் தண்ணீரில் இன்னொரு ஏக்கர் சாகுபடி செய்தால் கிணற்றின் நீர்மட்டம் ஏறுவதில்லை. கம்ப்யூட்டர் கதையும் அதுவே. ஒவ்வொன்றும் சிக்கனமாகிறது, ஆனால் எண்ணிக்கை பெருகுகிறது. மிச்சமாகும் மின்சாரம் எந்த வேலைக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

இவ்வளவு நிலக்கரியும் உழைப்பும் செலவழித்துப் பெறும் வானிலைச் செய்தியை வீணாக்கலாகாது. வேளாண் வானிலை அறிக்கை வாரந்தோறும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. ‘மேகதூத்’ செயலி மூலம் கைபேசியிலும் பார்க்கலாம். கனமழை எச்சரிக்கை இருந்தால் மேலுரத்தையும் மருந்துத் தெளிப்பையும் தள்ளிப் போட வேண்டும். வடிகால் வாய்க்கால்களை முன்கூட்டியே திறந்து விட வேண்டும். முன்கணிப்பு சில வேளை தவறலாம். ஆகவே ஒரே நாள் செய்தியை நம்பிவிடாமல், அடுத்தடுத்த அறிக்கைகளையும் பார்த்து முடிவு செய்வது நல்லது. ஐயம் இருப்பின் திருவள்ளூர் மாவட்டம் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பயன் பெறலாம்.