நோட்டீசில் எந்தச் சட்டம்?

உரிமையாளர் விற்க மறுத்தாலும் அவருடைய நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசுக்கு உண்டு. வருவாய்த் துறை இதை நில எடுப்பு என்கிறது. பழைய கோப்புகளில் நில ஆர்ஜிதம் என்றிருக்கும். சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 44ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 1979 ஜூன் 20 முதல் 300ஏ என்ற பிரிவில் ஒற்றை வாக்கியமாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பதே அந்த வாக்கியம். அப்படியானால் எந்தச் சட்டம் என்ற கேள்வி வருகிறது. நிலம் போகிறவருக்கு எத்தனை நாள் அவகாசம், யாரிடம் முறையிடலாம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கின்றன.

அணுபுரத்திலிருந்து மாமல்லபுரம் போக அரை மணி நேரம் ஆகும். அந்த வழியிலேயே பல சட்டங்களின் தடம் கிடக்கிறது. அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பான அணுபுரத்துக்கு மூலகாரணம் கல்பாக்கம். அங்கே 1960களின் இறுதியில் அணுமின் நிலையத்துக்கு ஏற்பாடு நடந்தபோது நடப்பில் இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் ஆண்டுச் சட்டம். பொது நோக்கம் என்று அரசு அறிவித்துவிட்டால் நீதிமன்றம் அதை எளிதில் கேள்வி கேட்காது. ஆட்சேபம் சொல்ல 5ஏ என்ற பிரிவு 1923இல்தான் சேர்ந்தது. அதையும் தாண்ட 17ஆம் பிரிவில் வழி இருந்தது. அவசரம் என்று எழுதினால் விசாரணையே வேண்டாம். பல ஆண்டு கோப்பிலேயே கிடந்த திட்டங்கள்கூடத் திடீரென அவசரமான கதையை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கண்டித்திருக்கிறது.

அரசின் கையைப் பிடித்து நிறுத்திய வழக்குகளில் முக்கியமான ஒன்று சென்னையிலிருந்து போனது. வீட்டுவசதித் திட்டங்களுக்கு எடுக்கும் நிலத்துக்கென்று 1961இல் சென்னை மாநில அரசு தனியாக ஒரு திருத்தச் சட்டம் போட்டது. அறிவிக்கை நாளின் விலை, முந்தைய ஐந்தாண்டுச் சராசரி விலை இரண்டில் எது குறைவோ அதைக் கொடுத்தால் போதும். கட்டாயமாக எடுப்பதற்காகச் சேர்த்துத் தரும் ஆறுதல் தொகையும் 15 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நகரத்தை ஒட்டி மனை விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சராசரி எப்போதும் குறைவாகத்தான் வரும். வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே நிலத்தை மருத்துவமனைக்கு எடுத்தால் ஒரு விலை, வீடு கட்ட எடுத்தால் குறைந்த விலை என்பது சமத்துவத்துக்கு எதிரானது என்பதே காரணம்.

1894 சட்டம் 2013 டிசம்பரோடு ஓய்ந்தது. 2014 ஜனவரி 1இல் அமலுக்கு வந்த 2013ஆம் ஆண்டின் நியாயமான இழப்பீட்டுச் சட்டம்தான் இந்த அதிகாரத்துக்கு இதுவரை போடப்பட்ட மிக இறுக்கமான கடிவாளம். நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும்; திட்டத்தால் வரும் நன்மையைவிடப் பாதிப்பு அதிகம் என்றால் கைவிடும்படி நிபுணர் குழு பரிந்துரைக்கலாம். தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70. ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள். அமெரிக்காவில் ஒரு நகராட்சி வீடுகளை எடுத்துத் தனியார் மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கொடுப்பதும் பொதுப் பயன்தான் என்று 2005இல் கீலோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டதையும், வீடுகளை இடித்த பிறகு அந்த இடம் பல ஆண்டுகள் வெறும் புல்தரையாகக் கிடந்ததையும் பார்த்தால், இந்தச் சம்மத விதியின் அருமை விளங்கும்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே பின்கதவும் இருக்கிறது. நான்காம் அட்டவணையில் உள்ள 13 மத்தியச் சட்டங்களுக்கு ஆய்வும் சம்மதமும் பொருந்தாது. அவற்றில் ஒன்று 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகி, நான்கு வழியாக அகலப்படுத்தப்படும்போது நிலம் இந்தச் சட்டத்தின்கீழ்தான் எடுக்கப்படுகிறது. அதன் 3ஏ பிரிவின்கீழான அறிவிக்கை நாளிதழில் வரும். பொடி எழுத்தில் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, எத்தனை சதுர மீட்டர் என்று பத்தி பத்தியாக இருக்கும். தன் எண் அதில் இருக்கிறதா என்று பட்டா, சிட்டா நகலை வைத்துக்கொண்டு விரல் வைத்துத் தேட வேண்டியதுதான். அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுத்தாக வேண்டும். அதை விசாரித்து முடித்து 3டி அறிவிப்பு வந்துவிட்டால், இழப்பீடு கைக்கு வருவதற்கு முன்பே நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். அரசுக்கும் ஒரு கெடு உண்டு: 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் அறிவிக்கை செத்துவிடும்.

நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகை கிடையாது என்ற நிலை 1997 முதல் இருந்தது. 2013 சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் நெடுஞ்சாலைகளுக்கும் வந்தன. இடைப்பட்ட காலத்தில் நிலம் இழந்தவர்களுக்கும் அந்தத் தொகை உண்டு என்று 2019இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வஜ்ரவேலு முதலியார் வழக்கின் அதே சமத்துவ வாதம், 55 ஆண்டு கழித்து.

மாநில அரசின் பின்கதவு இன்னும் அகலம். ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டின் மாநில நெடுஞ்சாலைச் சட்டம் ஆகிய மூன்றையும் 2013 சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க, 105ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மூன்றும் செல்லாது என்றது. சில நாள்களிலேயே சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி, 2013 செப்டம்பர் முதல் முன்தேதியிட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பது இந்த 1997 சட்டத்தின்கீழ்தான். இழப்பீடு 2013 சட்டக் கணக்குப்படி வரும். சம்மதம் கேட்கும் கட்டாயம் இல்லை. 2022 முதல் ஏகனாபுரம் கிராம சபை மறுபடியும் மறுபடியும் எதிர்த்துத் தீர்மானம் போடுகிறது. சட்டக் கணக்கில் அந்தத் தீர்மானத்துக்கு எடை இல்லை.

நடைமுறையைத் தாண்டி ஓடிய அரசு தடுக்கி விழுந்ததும் உண்டு. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு 277 கிலோமீட்டர் நெடுக 2018இல் கல் நட்டார்கள். 3ஏ என்பது எடுக்க உத்தேசம் என்ற அறிவிப்பு மட்டும்தான். அந்தக் கட்டத்திலேயே வருவாய்ப் பதிவேட்டில் விவசாயிகளின் பெயரை மாற்றிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8இல் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றது. பதிவேட்டில் செய்த மாற்றம் மட்டும் செல்லாது, பழையபடி எழுத வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. பட்டாவில் பெயர் இல்லாமல் பயிர்க்கடனுக்குப் போக முடியாது என்பதை அறிந்தவருக்கு அந்தப் பாதி வெற்றியும் சின்னதல்ல.

விலை எப்படி முடிவாகிறது? 2013 சட்டப்படி, அரசின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் மூன்றாண்டில் நடந்த கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். இரண்டில் அதிகமானதைக் கிராமப்புறமாக இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் ஓர் எண்ணால் பெருக்கி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். சந்தை மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் 1.25 என்றால் 12.5 லட்சம், ஆறுதலோடு 25 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று ஊரே எழுதிவைத்திருந்தால், சராசரியும் அந்தப் பொய் விலையில்தான் நிற்கும்.

பட்டாவே இல்லாதவர் கதி வேறு. கடற்கரைக் குப்பங்களில் வலை காயவைக்கும் மணல் யார் பெயரிலும் இல்லை. நீர்நிலையை நம்பி மூன்றாண்டு பிழைத்த மீனவர் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013 சட்டம் ஏற்கிறது. மறுவாழ்வு உதவி கேட்க அது போதும். நிலத்துக்கு விலை கேட்கப் போதாது.

எடுக்காமலே முடக்கும் அதிகாரம் ஒன்று இருக்கிறது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பட்டா உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், வீட்டு வரியும் அவர்தான் கட்டுவார், மாடி மட்டும் எழும்பாது. நிலத்தை எடுக்கவில்லை என்பதால் நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீடும் இல்லை.

2024 மே 16இல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 300ஏவின் ஒற்றை வாக்கியத்துக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாக விரித்துச் சொன்னது: முன்னறிவிப்பு, ஆட்சேபத்தைக் கேட்பது, காரணம் சொல்லும் முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, காலதாமதமில்லாத நடைமுறை, முறையாக முடித்துவைப்பது. எந்தச் சட்டத்தின்கீழ் நோட்டீஸ் வந்தாலும் இந்த ஏழு உரிமைகளையும் காட்டி இனி வாதாடலாம்.

எடுத்த நிலம் சும்மா கிடந்தால்? 2013 சட்டத்தின் 101ஆம் பிரிவின்படி, கையில் எடுத்த நாளிலிருந்து ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலத்தைப் பழைய உரிமையாளரிடமோ அவர் வாரிசிடமோ திருப்பித் தர வேண்டும், அல்லது அரசின் நில வங்கியில் சேர்க்க வேண்டும். இரண்டில் எது என்பதை முடிவு செய்வது அரசு.